ஏரியின் அடியில் மேயும் மீன்கள்



போன இதழில் கழுவேலிக்கு வரும் பறவைகளைப் பற்றிய கட்டுரையை எல்லோரும் நின்று படித்தீர்கள். பறவை தலைக்கு மேலே பறக்கும். யார் வேண்டுமானாலும் அண்ணாந்து பார்த்து எண்ணிவிடலாம். நான் எழுதப் போவது ஏரித் தண்ணிக்கு அடியில் சேற்றோடு சேறாகக் கிடந்து, பொழுது சாய்ந்த பிறகு மேய வரும் மீன்களைப் பற்றி. இவற்றைப் பிடித்தால்தான் பார்க்க முடியும். அதனால் கட்டுரையில் பாதி, பிடிப்பதைப் பற்றி இருக்கும். மீதிப் பாதி, பிடித்தது என்ன மீன் என்று தெரிந்துகொள்வதைப் பற்றி. எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். ஏனென்றால் நம்ம பக்கத்துச் சந்தையில் கெளுத்தி என்று சொல்லி விற்கிற மீன் எல்லாமே நம்ம ஊர்க் கெளுத்தி இல்லை.

முதலில் கொஞ்சம் பாடம். ஒரு மீன் எந்த மட்டத்தில் மேயும் என்று அதன் வாயைப் பார்த்தே சொல்லிவிடலாம். மீன் வளர்ப்பவர்கள் ஒரே குளத்தில் கட்லா, ரோகு, மிருகால் மூன்றையும் சேர்த்து விடுவார்கள். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், அது மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுமட்டம். மிருகாலுக்கு வாய் கீழ்நோக்கி இருக்கும், அது தரையில் மக்கிக் கிடப்பதைத் தின்னும். ஒன்றின் சாப்பாட்டுக்கு இன்னொன்று போட்டிக்கு வராது. ஆனால் இவை மூன்றும் வடநாட்டு ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விட்டவை. நம்ம ஏரிகளில் யாரும் விடாமலே தானாக இருந்துவந்த அடிமட்டத்து மீன்கள் வேறு: கெளுத்தி, தேளி, மசரை, வாளை, ஆரல், அயிரை, உளுவை. குறவையும் விராலும் அடியிலேயே கிடப்பவை இல்லை என்றாலும் வெயில் காலத்தில் சேற்றில் புகுந்துகொள்வதால் அவற்றையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

இதில் ஆரல் என்ற பெயர் சங்க காலத்திலிருந்து மாறாமல் வருகிறது. குறுந்தொகையின் 25-ஆம் பாடலில், தலைவன் வாக்குக் கொடுத்தபோது அங்கே சாட்சியாக இருந்தது ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு மட்டும்தான் என்று தலைவி வருத்தப்படுவதாகக் கபிலர் பாடியிருக்கிறார். நாம் இன்றைக்கும் அதே பெயரைச் சொல்லித்தான் சந்தையில் கூறு விலை கேட்கிறோம்.

மீசையின் வேலை

அடிமட்டத்து மீன்களில் பலவற்றுக்கு மீசை உண்டு. எண்ணிப் பாருங்கள். கெளுத்தி, தேளி, மசரை மூன்றுக்கும் நாலு ஜோடி, அதாவது எட்டு. வாளைக்கு நாலு, அதில் இரண்டு நீளம், இரண்டு குட்டை. ஏரிகளில் விடுகிற சாதாக்கெண்டைக்கும் நாலு. மிருகாலுக்குச் சின்னதாக இரண்டு. எண்ணிக்கையை மட்டும் மனப்பாடம் செய்தாலே பாதி மீனை அடையாளம் கண்டுவிடலாம்.

இந்த மீசை அழகுக்கு இல்லை. நமக்கு நாக்கில் சுவை மொட்டுகள் இருப்பது போல இந்த மீன்களுக்கு மீசை முழுவதும் சுவை மொட்டுகள் உண்டு. மீசையில் மட்டுமல்ல, உடம்புத் தோலிலும் உண்டு. அமெரிக்காவில் வளர்க்கப்படும் ஒரு கெளுத்தி இனத்தில் ஒரு மீனுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுவை மொட்டுகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நீந்துகிற நாக்கு என்றே சொல்லலாம். கலங்கல் தண்ணியில், ராத்திரியில், கண்ணால் ஒரு பயனும் இல்லை. தரையைத் தடவிக்கொண்டே போய் மீசையில் பட்டதைத் தின்கிறது. தூண்டில் போடுகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம். இந்த மீனுக்கு இரையைக் காட்டக் கூடாது, வாசனையையும் ருசியையும் அனுப்ப வேண்டும்.

மூச்சு

சித்திரை, வைகாசியில் ஏரி வற்றி முழங்கால் தண்ணி ஆகும்போது கெண்டை எல்லாம் செத்து மிதக்கும். தேளியும் குறவையும் மட்டும் எப்படித் தப்பிக்கின்றன? 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணியில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். சேறு அழுகும் ஏரியில் அதுவும் இருக்காது. ஆனால் தண்ணிக்கு மேலே உள்ள காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. இந்த மீன்கள் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போய்விடும். தேளிக்குச் செவுளிலிருந்து முதுகுப்பக்கச் சதைக்குள் வால்வரை நீளும் இரண்டு குழாய்ப் பைகள் உண்டு. மசரைக்குச் செவுளுக்கு மேலே பூங்கொத்து மாதிரி சிவப்பாக ஒரு உறுப்பு உண்டு. மீன் கழுவும்போது அம்மா அதைப் பிடுங்கி எறிவதற்குள் வாங்கிப் பாருங்கள். விரால் இன்னும் ஒரு படி மேலே. வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் தண்ணிக்குள்ளேயே தடுத்து வைத்தால் அது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மீன் தண்ணியில் மூழ்கிச் சாகும் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் இது உண்மை.

இது பிடிப்பவருக்கும் உதவும். காற்றடிக்காத சாயங்காலத்தில் கரையில் பேசாமல் உட்கார்ந்தால் அங்கங்கே "பொளக்" என்று ஒரு வட்டம் விழும். அது மூச்செடுக்க வந்த மீன். எந்த இடத்தில் திரும்பத் திரும்ப வட்டம் விழுகிறதோ அதற்கு அடியில்தான் தூண்டில் போட வேண்டும்.

தூண்டில் போடும் விதம்

என் தாய்மாமா முப்பது வருஷமாகத் தூண்டில் போடுகிறவர். பள்ளிக்கூடம் ஆறாவதோடு நின்றவர். ஆனால் ஏரியைப் பற்றி அவரிடம் கேட்டால் ஒரு புத்தகம் எழுதலாம். அவர் சொன்னதையும் நான் கூட இருந்து பார்த்ததையும் எழுதுகிறேன்.

ஜிலேபிக்கும் கெண்டைக்கும் போடுகிற மாதிரி இரையைப் பாதித் தண்ணியில் தொங்கவிட்டால் அடிமட்டத்து மீன் சிக்காது. முதலில் வெறும் ஈயக்குண்டை மட்டும் கட்டி இறக்கி ஆழம் பார்க்க வேண்டும். பிறகு அந்த ஆழத்தைவிட ஒரு சாண் கூடுதலாக நரம்பு விட்டுத் தக்கையைக் கட்ட வேண்டும். அப்போது குண்டு தரையில் உட்காரும், புழு தரையில் கிடக்கும், தக்கை தண்ணிமேல் படுத்திருக்கும். சின்ன மீன் கொத்தினால் தக்கை துடிக்கும். அதற்கெல்லாம் இழுக்கக் கூடாது. கெளுத்தி எடுத்தால் தக்கை எழுந்து நின்று, ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும். "துடிச்சா விட்டுடு, நடந்தா இழு" என்பார் மாமா.

முள் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். நம்பர் கூடக் கூட முள் சின்னதாகும். கடையில் பெரிய நம்பராகக் கேட்டு வாங்கிவந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. இரைக்கு மண்புழுதான் எப்போதும் நல்லது. மாட்டுச் சாணம் கொட்டுகிற இடத்தில் தோண்டினால் கிடைக்கும் சிவப்புப் புழு நன்றாக நெளியும். வாளைக்கும் பெரிய கெளுத்திக்கும் கோழிக்குடல் போடுவார்கள். மைதா உருண்டை கெண்டைக்குத்தான், இவை அதைத் தொடாது.

நேரம், பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம். மழை பெய்து புதுத் தண்ணி வந்து கலங்கிய அன்றைக்குப் பகலிலும் எடுக்கும். இடம், மதகுப் பள்ளம். ஏரி எவ்வளவு வற்றினாலும் கடைசியாகத் தண்ணி நிற்பது மதகு ஓரத்தில்தான் என்பதால் மீன் எல்லாம் அங்கே வந்து சேரும்.

வீச்சு வலையில் இவை அதிகம் விழாது. வலை ஓரத்து ஈயக்குண்டு தரையில் உட்கார்வதற்குள் ஆரலும் தேளியும் சேற்றுக்குள் புகுந்துவிடும். கையால் தடவிப் பிடிப்பதில் இருளர் மக்களை யாரும் மிஞ்ச முடியாது. பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழிகளில் இடுப்பளவு தண்ணியில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, வெறும் கையால் இறாலும் மீனும் பிடித்து, பின்னிய கூடையில் போட்டுக்கொள்வார்கள். கண்ணுக்குத் தெரியாத மீனைக் கை அறிந்து பிடிக்கிற கலை அது. நாமும் செய்து பார்க்கலாம் என்று இறங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஜேசிபி வைத்து மண் எடுத்த ஏரிகளில், தண்ணி நிறைந்த பிறகு பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலே தெரியாது. முழங்கால் ஆழம் என்று நடந்து போய், அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம் வரும். நீச்சல் தெரியாதவர்கள் கரையிலேயே உட்கார்ந்து தூண்டில் போடுங்கள்.

முள் குத்தினால்

கெளுத்தி வகைகளுக்கு மூன்று முள் உண்டு. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பயந்தால் மூன்றையும் விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். பிறகு நாம் அழுத்தினாலும் மடங்காது. விழுங்க வந்த கொக்கின் தொண்டையிலும் இப்படித்தான் சிக்கும். பிடிக்கும்போது மேலிருந்து, தலையை ஒட்டி, பக்கத்து முட்களுக்குப் பின்னால் விரல் வருகிற மாதிரி பிடிக்க வேண்டும். ஆரலுக்கு முதுகில் வரிசையாகச் சின்ன முட்கள். வழுவழு என்று நழுவும்போதுதான் கிழிக்கும். துணி இல்லை என்றால் கையில் மணல் எடுத்துக்கொண்டு பிடிக்கலாம்.

எல்லாவற்றிலும் மோசம் தேளிதான். தேள் கொட்டின மாதிரி வலிப்பதால்தான் அந்தப் பெயர். அதன் பக்கத்து முட்களில் விஷம் இருக்கிறது. என்னோடு படிக்கிற ஒருவனுக்குப் போன வருஷம் கட்டைவிரலில் குத்தியது. ஐந்து நிமிஷத்தில் முழங்கை வரைக்கும் வலி ஏறிவிட்டது. கூட இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சுண்ணாம்பு வை, கயிறு கட்டு, கீறி ரத்தத்தை எடு. எதுவும் தேவையில்லை. கட்டுவதும் கீறுவதும் தப்பு.

சரியான முதலுதவி இதுதான். காயத்தை நல்ல தண்ணியில் கழுவி, பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணியில் கையை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் முக்கி வைக்க வேண்டும். இந்த விஷம் புரதத்தால் ஆனது, சூட்டில் கெட்டுப்போகும். முட்டை வெள்ளைக்கரு சூடு பட்டதும் திரும்பப் பழையபடி ஆகாது இல்லையா, அது மாதிரி. அடிபட்ட கையில் சூடு சரியாக உறைக்காது என்பதால் தண்ணியின் சூட்டை மற்றக் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வெந்துபோகும். முள் உள்ளே முறிந்திருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வீக்கம் ஏறினாலோ உடனே ஆஸ்பத்திரி. எப்படியும் டி.டி. ஊசி போட்டிருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். நம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதற்கு வைத்தியம் பார்ப்பார்கள்.

பறி வைக்கும் நாள்

ஐப்பசி மழையில் ஏரிக்கு முதல் தண்ணி வரும்போது கெளுத்தி, விரால், கெண்டை எல்லாம் வரத்து வாய்க்காலில் எதிர்த்து ஏறும். மூங்கிலில் பின்னிய பறியை வாயைக் கீழ்ப்பக்கம் பார்த்து வைத்தால் ஏறுகிற மீன் விழும். மழை நின்று தண்ணி வடியும்போது மேல்பக்கம் பார்த்து வைத்தால் இறங்குகிற மீன் விழும். ஒரே பறி, திருப்பி வைப்பதில்தான் வித்தியாசம்.

ஆனால் ஏறுகிற மீனைப் பிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அது முட்டை போடப் போகிற மீன். வயிற்றை அறுத்தால் முட்டையாகக் கொட்டும். "முட்டை மீனு ருசிடா" என்பார்கள். ருசிதான், இல்லை என்று சொல்லவில்லை. பத்து நாள் பொறுத்து இறங்கும்போது பிடித்தால் அதே மீன்தான், முட்டையை வயலில் விட்டுவிட்டு வந்திருக்கும். மாமாவிடம் இதைச் சொன்னேன். "நான் விட்டா பக்கத்து ஊர்க்காரன் புடிச்சிடுவான்டா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊர் சேர்ந்து முடிவு செய்தால்தான் ஆகும்.

விராலும் அப்படித்தான். பொரிந்த குஞ்சுகள் சிவப்பாகப் பந்து மாதிரி கூடி மேலே மிதக்கும், அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தப் பந்துக்கு நடுவில் தூண்டிலைப் போட்டால் காவல் மீன் கோபத்தில் வந்து கடிக்கும். சுலபமான வேட்டை. ஆனால் காவல் போன அடுத்த நாளே குஞ்சு முழுக்கக் கொக்குக்கும் தண்ணிப்பாம்புக்கும் சாப்பாடு.

தண்ணியில் வெடி போடுவதும் விஷம் கலப்பதும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அது. கரண்ட் கம்பியில் கொக்கி போட்டு மீன் பிடிப்பதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மீனோடு மனிதனும் சேர்ந்து செத்த செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறது.

இது நம்ம கெளுத்தியா?

இப்போது நான் முக்கியம் என்று சொன்ன இடத்துக்கு வருகிறேன். ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று ஒரு மீன். விஞ்ஞானப் பெயர் கிளாரியஸ் கேரிபினஸ். தாய்லாந்திலிருந்து 1989-இல் வங்கதேசத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து 1990-களில் அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் வந்தது. சீக்கிரம் வளரும், கோழிக்கழிவைப் போட்டாலே தின்னும், காற்றைச் சுவாசிக்கும், ஈரம் இருந்தால் தரையில் நகர்ந்தும் போகும். வளர்ப்பவருக்கு லாபம். ஆனால் வாயில் நுழைகிற எதையும் விடாது. மற்ற மீன், மீன்முட்டை, தவளை எல்லாம் போய்விடும். அதனால் மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் இதை வளர்க்கத் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் இதை ரகசியமாக வளர்த்த குளங்களை அதிகாரிகள் கண்டுபிடித்து அழித்திருக்கிறார்கள்.

ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பறவைப் பூங்கா இருக்கிறதே, அந்த நீர்நிலைக்குள் இந்த மீன் புகுந்து, நீர்ப்பறவைகளையே பிடித்துத் தின்றதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிறகு அதை ஏராளமாகப் பிடித்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. நம்ம கழுவேலி 5,151 ஹெக்டேர், 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. போன இதழில் பறவைகளைப் படித்தவர்கள் இதையும் அதோடு சேர்த்துப் படியுங்கள்.

குளத்தில்தானே வளர்க்கிறார்கள், ஏரிக்கு எப்படி வரும் என்று கேட்கலாம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது நமக்கு மறக்காது. ஏரிகள் எல்லாம் கோடி போயின. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணி திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணை கரை மீறி விழுப்புரம் பக்கத்து ஊர்களுக்குள் வந்தது. அப்படி ஒரு வெள்ளத்தில் எந்த வளர்ப்புக் குளத்தின் கரை நிற்கும்? எது குளத்து மீன், எது ஏரி மீன், எது ஆற்று மீன் என்ற கணக்கெல்லாம் ஒரே ராத்திரியில் கலைந்துவிடும். வீடூர் அணைக்கு மேலே ஒரு பண்ணைக் குட்டை உடைந்தால் அந்த மீன் சங்கராபரணி வழியாகப் புதுச்சேரி வரைக்கும் போகலாம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கீழே நான் வரைந்திருக்கும் இரண்டு தலைகளைப் பாருங்கள். (ஓவிய ஆசிரியர் மன்னிக்கவும்.) முதலாவது நாட்டு மசரை. மண்டை ஓட்டின் பின் விளிம்பு ஒரே வளைவாக நாக்கு மாதிரி முடியும். உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஒரு அடி வந்தாலே பெரிய மீன். இரண்டாவது ஆப்பிரிக்கக் கெளுத்தி. மண்டை ஓட்டின் பின் விளிம்பு ஒரே வளைவாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக மடிந்திருக்கும். வளர்ந்த மீனின் உடம்பு பளிங்குக் கல் மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். ஒரு மீட்டருக்கு மேலேயும் வளரும். குஞ்சாக இருக்கும்போது இரண்டையும் பிரிப்பது கஷ்டம், சந்தேகம் வந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டலாம். ஆனால் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று மசரை மாதிரி ஒரு மீனைப் பிடித்தால் சந்தேகமே வேண்டாம், அது நம்ம ஊர் மீன் இல்லை. அதைத் திரும்பத் தண்ணியில் விடாதீர்கள்.

இன்னொன்றும் வருகிறது. கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன வளர்ப்பார்களே, டேங்க் கிளீனர் என்று கடையில் விற்பது, தென் அமெரிக்க மீன் அது. விரல் அளவு இருக்கும்போது அழகு. பெரிதானதும் தொட்டி போதாமல், பாவம் என்று ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தோல் முழுவதும் கவசம் மாதிரி இருப்பதால் வலையைக் கிழித்துவிடும், கரையைத் துளைத்து முட்டை போடும், யாரும் வாங்கவும் மாட்டார்கள். பாவம் பார்க்க வேண்டியது ஏரியைத்தான்.

இந்தப் பக்கம் நம்ம மீன்களின் கணக்கு என்ன? இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பின் சிவப்புப் பட்டியலில் இந்தியாவின் நாட்டு மசரை இனமான கிளாரியஸ் மாகுர் அழியும் ஆபத்தில் உள்ளது என்றும், வாளை அழியக்கூடிய நிலையில் உள்ளது என்றும் போட்டிருக்கிறார்கள். புலி, சிங்கம் மட்டும்தான் அந்தப் பட்டியலில் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். வாளை, கல்யாண வீட்டுக்காரர்கள் முன்பெல்லாம் ஏரிக் குத்தகைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்குகிற மீன் என்று பாட்டி சொல்வார்.

அடியில் இருக்கும் மீன் தீர்ந்துபோவது யாருக்கும் தெரியாது என்பதற்கு ஒரு வெளிநாட்டு உதாரணம். பர்பட் என்று ஒரு மீன். கடலில் வாழும் காட் இனத்தைச் சேர்ந்தது, ஆனால் இது மட்டும் ஆற்றிலும் ஏரியிலும் வாழ்கிறது. தாடையில் ஒரே ஒரு மீசை. நம்ம மீனெல்லாம் மழைக்குக் காத்திருந்தால் இது பனிக்குக் காத்திருக்கும். ஏரி உறைந்து கிடக்கும் குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில்தான் முட்டை போடும். கனடா, ரஷ்யா பக்கம் பனியில் துளை போட்டு, ராத்திரியில், தரையில் இரையைக் கிடத்திப் பிடிக்கிறார்கள். அதாவது நம்ம மாமா முறையேதான், மேலே பனி மட்டும் கூடுதல். இங்கிலாந்திலும் இந்த மீன் ஒரு காலத்தில் பன்றிக்குப் போடுகிற அளவுக்கு மலிந்து கிடந்ததாகச் சொல்வார்கள். அங்கே கடைசியாக ஒரு பர்பட் தூண்டிலில் சிக்கியது 1969-இல். அதற்குப் பிறகு இல்லை. இதுதான் கடைசி மீன் என்று அன்றைக்குப் பிடித்தவருக்குத் தெரிந்திருக்காது.

நம்ம ஏரிகளுக்கு அப்படி ஒரு கணக்கு எழுதி வைத்தவர் யாரும் இல்லை. அதனால் இந்தத் தாளின் வலது ஓரத்தில் பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கிடங்கல் ஏரியோ, உங்கள் ஊர் ஏரியோ, வீடூர் வாய்க்காலோ, எங்கே மீன் பிடித்தாலும், யார் பிடித்துப் பார்த்தாலும், நாலு விஷயம் எழுதுங்கள்: தேதி, ஏரியின் பெயர், மீன் பெயர், எத்தனை சாண் நீளம். மசரை மாதிரி இருந்தால் தலையின் பின்பக்கத்தையும் வரைந்துவிடுங்கள். படம் நன்றாக வர வேண்டும் என்பதில்லை, என் படமே அப்படித்தான். வாளை பார்த்தவர்கள் சிவப்பு மையில் எழுதவும். கட்டம் நிரம்பிவிட்டால் உயிரியல் ஆசிரியரிடம் நோட்டு ஒன்று கொடுத்து வைத்திருக்கிறேன், அதில் தொடரலாம்.

தேளியைக் கழுவும்போது முதலில் பக்கத்து முட்கள் இரண்டையும் குறடு வைத்து முறித்து, காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடச் சொல்லுங்கள். செத்த மீனின் முள்ளும் குத்தும். பிறகு சாம்பலும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தால் வழுவழுப்பு போய்விடும். குழம்புக்குப் புளியைக் கொஞ்சம் கூடவே கரைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.